ஆல்ட்-டேப் தகராறுகள்: வாசகர் கேள்வி–பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தைத்தான் சுற்றுகின்றன. ஒரு மென்பொருளில் வேலை செய்துகொண்டிருப்போம், ஆல்ட், டேப் விசைகளைச் சேர்த்து அழுத்தி இன்னொன்றுக்குத் தாவுவோம், அந்த நொடியில் ஏதோ மக்கர். எழுத்து மாறுகிறது, திரை வெட்டுகிறது, விண்டோ காணாமல் போகிறது. வெளியே பார்க்க எல்லாம் ஒரே நோய் மாதிரி தெரிந்தாலும் உள்ளே மூன்று தனித்தனி இலாகாக்கள் இருக்கின்றன. கீபோர்டு யார் வசம் இருக்கிறது என்பது ஒன்று. திரையில் படத்தை யார் வரைகிறார்கள் என்பது இன்னொன்று. விண்டோ எந்த இடத்தில் நிற்கிறது என்பது மூன்றாவது. இது தெரியாமல் விண்டோஸையே அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவது, பல்பு எரியவில்லை என்று வீட்டு ஒயரிங் முழுவதையும் பிடுங்குவது போல. தனியாகச் சொல்லாத இடங்களில் கீழே உள்ள வழிகள் விண்டோஸ் 11-க்கு. விண்டோஸ் 10-ல் தலைப்புகள் கொஞ்சம் இடம் மாறியிருக்கும், அவ்வளவுதான்.

கேள்வி: வேர்டில் தமிழில் அடித்துக்கொண்டிருக்கும்போது பிரவுசருக்குப் போய்விட்டுத் திரும்பினால் கீபோர்டு ஆங்கிலமாகிவிடுகிறது. சில நேரம் வேர்டுக்குள்ளேயே வேறு பத்தியில் க்ளிக் செய்தாலும் மாறுகிறது. டிடிபி வேலை என்பதால் ஒரு நாளைக்கு நூறு முறை இந்தத் தொல்லை.
— வாசகி, சிவகாசி

இரண்டு அறிகுறிகளையும் பிரித்துச் சொன்னது நல்லதாயிற்று. இரண்டுக்கும் காரணம் வேறு.

முதலில் வேர்டுக்குள் நடப்பது. வேர்டு ஒவ்வொரு சொல்லுக்கும் இது இன்ன மொழி என்று ஒரு முத்திரை குத்தி வைக்கிறது. ஆங்கில முத்திரை உள்ள பத்தியில் கர்சர் போய் நின்றால், கீபோர்டையும் ஆங்கிலத்துக்குத் தானாகவே மாற்றும் வசதி அதில் உண்டு. உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு செய்யும் வேலை இது. ‘ஃபைல்’, ‘ஆப்ஷன்ஸ்’, ‘அட்வான்ஸ்டு’ என்று போனால் ‘எடிட்டிங் ஆப்ஷன்ஸ்’ தலைப்பின் கீழ், சுற்றியுள்ள எழுத்தின் மொழிக்கு ஏற்பக் கீபோர்டைத் தானாக மாற்று என்ற பொருளில் ‘ஆட்டோமேட்டிக்கலி ஸ்விட்ச் கீபோர்டு’ என்று தொடங்கும் ஒரு வரி இருக்கும். அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். பாதித் தொல்லை அங்கேயே தீரும்.

அடுத்தது மென்பொருள் விட்டு மென்பொருள் மாறும்போது நடப்பது. விண்டோஸ் 7 வரை ஒவ்வொரு மென்பொருளும் தனக்கென ஒரு கீபோர்டு மொழியை நினைவில் வைத்திருந்தது. வேர்டில் தமிழ், பிரவுசரில் ஆங்கிலம் என்று தனித்தனியாக இருக்கும். விண்டோஸ் 8-லிருந்து இந்த இயல்பு மாறி, எல்லா விண்டோவுக்கும் பொதுவாக ஒரே மொழி என்றானது. பழைய முறை வேண்டும் என்பவர்களுக்காக அதை ஒரு டிக் பெட்டியாக ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். செட்டிங்ஸில் ‘டைம் அண்ட் லாங்குவேஜ்’, அதில் ‘டைப்பிங்’, அதில் ‘அட்வான்ஸ்டு கீபோர்டு செட்டிங்ஸ்’. அங்கே ஒவ்வொரு ஆப் விண்டோவுக்கும் வேறு உள்ளீட்டு முறை என்ற வரியில் டிக் இருந்தால், உங்கள் கணினி பழைய முறையில் ஓடுகிறது என்று பொருள். எடுத்துவிட்டால் நீங்களாக மாற்றும் வரை எங்கு போனாலும் தமிழ் தமிழாகவே இருக்கும்.

எடுப்பதா வைப்பதா என்பது வேலையைப் பொறுத்தது. வேர்டில் தமிழும் எக்ஸெலில் ஆங்கிலமுமாக மாறி மாறி அடிப்பவருக்கு டிக் இருப்பதே வசதி. பொதுமொழியில் ஒரு ஆபத்தும் உண்டு. கடவுச்சொல் கட்டத்தில் வெறும் புள்ளிதான் தெரியும். தமிழில் அடித்துக்கொண்டே ‘பாஸ்வேர்டு தவறு’ என்று மூன்று முறை வாங்கி, கணக்கு பூட்டிக்கொண்டவர்கள் ஏராளம்.

மூன்றாவது ஒரு சந்தேகமும் இருக்கிறது. இடப்பக்க ஆல்ட்டும் ஷிஃப்ட்டும் சேர்ந்தால் மொழி மாற்றம். ஆல்ட், ஷிஃப்ட், டேப் மூன்றும் சேர்ந்தால் பின்னோக்கித் தாவல். பின்னோக்கிப் போக நினைத்து ஆல்ட்டையும் ஷிஃப்ட்டையும் அழுத்திவிட்டு, டேப்பைத் தொடாமல் மனம் மாறிக் கையை எடுத்தால் மொழி மாறிவிடும். வேகமாக அடிப்பவர்களுக்கு இது தெரியாமலேயே நடக்கும். அதே ‘அட்வான்ஸ்டு கீபோர்டு செட்டிங்ஸ்’ பக்கத்தில் ‘இன்புட் லாங்குவேஜ் ஹாட் கீஸ்’ என்ற இணைப்பு இருக்கிறது. அதில் ‘சேஞ்ச் கீ சீக்வன்ஸ்’ பொத்தானைத் தட்டி ‘நாட் அசைன்டு’ என்று வையுங்கள். மொழி மாற்ற விண்டோஸ் விசையும் ஸ்பேஸ் பாரும் போதும்.

டிடிபி ஆட்களுக்கு அதே பெட்டியில் இன்னொரு பொக்கிஷம். தமிழ் 99-க்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு ஒன்று என்று நேரடி விசை ஒதுக்கலாம். இடப்பக்க ஆல்ட், ஷிஃப்ட், 1 என்றால் தமிழ். 2 என்றால் ஆங்கிலம். இப்போது எந்த மொழியில் இருக்கிறோம் என்று யோசிக்கவே வேண்டாம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எண் என்ற சேர்க்கையையும் அது தரும். அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். எக்ஸெலில் கன்ட்ரோல், ஷிஃப்ட், 1 அடித்தால் எண்ணுக்கு இரண்டு தசம இடம் வரும், 5 அடித்தால் சதவீதமாகும். இரண்டும் மோதிக்கொள்ளும்.

கடைசியாக, விண்டோஸ் விசையும் ஸ்பேஸும் அழுத்தும்போது வரும் பட்டியலில் எத்தனை கீபோர்டு இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ‘இங்கிலீஷ் இந்தியா’, ‘இங்கிலீஷ் யுனைடெட் ஸ்டேட்ஸ்’ என்று இரண்டு ஆங்கிலம் இருந்தால், ஒரு தட்டில் தமிழ் வராமல் இன்னொரு ஆங்கிலம் வந்து நிற்கும். ‘லாங்குவேஜ் அண்ட் ரீஜன்’ பக்கத்தில் வேண்டாததை நீக்குங்கள்.

கேள்வி: தனியாக நிறுவிய தமிழ்த் தட்டச்சு மென்பொருள் எல்லா இடத்திலும் வேலை செய்கிறது. கணக்கு மென்பொருளுக்கு மாறினால் மட்டும் ஆங்கிலமே வருகிறது. திரும்பி வேர்டுக்கு வந்தால் தமிழ் சரியாக வருகிறது.
— வாசகர், ஈரோடு

தட்டச்சு மென்பொருளில் கோளாறு இல்லை. உங்கள் கணக்கு மென்பொருள் அட்மினிஸ்ட்ரேட்டர் அதிகாரத்தில் ஓடுகிறது என்று கிட்டத்தட்ட அடித்துச் சொல்லலாம்.

இந்த வகைத் தட்டச்சு மென்பொருள்கள் நீங்கள் அழுத்தும் விசையை வழிமறித்துப் பிடித்து, அதற்குப் பதிலாகத் தமிழ் எழுத்தை அனுப்புகின்றன. கடவுச்சொல் திருடும் நச்சு நிரலும் அதையேதான் செய்யும். அதனால் விஸ்டாவிலிருந்து விண்டோஸ் ஒரு வேலி போட்டிருக்கிறது: சாதாரண அதிகாரத்தில் ஓடும் நிரல், உயர் அதிகாரத்தில் ஓடும் விண்டோவின் விசைகளைப் பிடிக்கவும் முடியாது, அதற்கு விசைகளை அனுப்பவும் முடியாது. பிழைச் செய்தி எதுவும் வராது. சத்தமில்லாமல் தடுத்துவிடும்.

உறுதி செய்ய டாஸ்க் மேனேஜரைத் திறந்து ‘டீட்டெயில்ஸ்’ பகுதிக்குப் போங்கள். நெடுவரிசைத் தலைப்பில் வலது க்ளிக் செய்து, ‘செலக்ட் காலம்ஸ்’ வழியாக ‘எலிவேட்டட்’ என்பதைச் சேருங்கள். கணக்கு மென்பொருளுக்கு நேரே ‘யெஸ்’, தட்டச்சு மென்பொருளுக்கு நேரே ‘நோ’ என்று இருந்தால் வழக்கு முடிந்தது. ஃபோல்டரிலிருந்து கோப்பை இழுத்து அந்த மென்பொருளில் போட முயன்றால் அதுவும் விழாது. அதற்கும் காரணம் இதே வேலிதான்.

கணக்கு மென்பொருளின் குறுக்குவழியில் வலது க்ளிக், ‘பிராப்பர்ட்டீஸ்’, ‘கம்பாட்டிபிலிட்டி’. அங்கே ‘ரன் திஸ் புரோகிராம் அஸ் ஆன் அட்மினிஸ்ட்ரேட்டர்’ டிக்கை எடுத்துப் பாருங்கள். நன்றாக ஓடினால் அப்படியே விடுங்கள். சில பழைய மென்பொருள்கள் தரவை ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ ஃபோல்டருக்குள்ளேயே எழுதும். அவற்றுக்கு உயர் அதிகாரம் இல்லாவிட்டால் பில் சேமிக்காது. அப்படியானால் தட்டச்சு மென்பொருளையும் அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட விடலாம். எங்கள் சிபாரிசு வேறு: விண்டோஸ் தரும் தமிழ்க் கீபோர்டுக்கே மாறிவிடுங்கள். அது எதையும் வழிமறிப்பதில்லை, கணினியின் சொந்தக் கீபோர்டு அமைப்பு. அதனால் எந்த வேலியும் அதைத் தடுக்காது.

கேள்வி: ஆல்ட்-டேப் அழுத்தி மாறும் ஒவ்வொரு முறையும் திரை ஒரு கணம் கறுப்பாக வெட்டுகிறது. பிரவுசரில் வீடியோ ஓடும்போது அதிகம். இரண்டு மானிட்டர்: ஒன்று 144 ஹெர்ட்ஸ், இன்னொன்று 60. மானிட்டரைக் கடைக்கு எடுத்துப் போனேன், அங்கே ஒழுங்காக ஓடுகிறது.
— வாசகர், கோயம்புத்தூர்

மானிட்டரைத் தூக்கிக்கொண்டு அலைவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைகள் இரண்டு. காசு செலவில்லை.

முதலாவது, திரைப்பதிவு. வெட்டு வரும்போது அதைத் திரைப்பதிவாக எடுங்கள். விண்டோஸில் உள்ள ஸ்னிப்பிங் டூலே வீடியோவாகவும் பதியும். கூடவே கைபேசியிலும் வீடியோ எடுங்கள். கைபேசி வீடியோவில் வெட்டு தெரிந்து, கணினியின் பதிவில் தெரியவில்லை என்றால், மென்பொருளும் விண்டோஸும் படத்தைச் சரியாகவே தயாரித்திருக்கின்றன. கோளாறு அதற்குப் பிறகு: டிரைவர் (கிராஃபிக்ஸ் கார்டை இயக்கும் நிரல்), கிராஃபிக்ஸ் கார்டு, கேபிள், மானிட்டர். இரண்டிலும் தெரிந்தால் கோளாறு மேலே, மென்பொருளின் பக்கம்.

இரண்டாவது, டாஸ்க் மேனேஜர். அதைத் திறந்து வைத்துக்கொண்டு மாறிப் பாருங்கள். டாஸ்க் மேனேஜரும் சேர்ந்து வெட்டினால் டிஸ்ப்ளே டிரைவர். அது மட்டும் அசையாமல் நின்று மற்றவை வெட்டினால் ஏதோ ஒரு மென்பொருள். இது மைக்ரோசாஃப்ட்டே சொல்லும் சோதனை.

இனி, ஏன் மாறும்போது மட்டும் என்று பார்ப்போம். எக்ஸ்பி காலம் வரை ஒவ்வொரு மென்பொருளும் நேராகத் திரையிலேயே வரைந்தது. ஒரு மென்பொருள் உறைந்துவிட்டால் அதன் மேல் இன்னொரு விண்டோவை இழுக்கும்போது சீட்டுக்கட்டை விரித்த மாதிரி தடம் விழுமே, அது அதனால்தான். விஸ்டாவிலிருந்து முறை வேறு. ஒவ்வொன்றும் தனக்கென மறைவாக ஒரு தாளில் வரைந்து கொடுக்கும். டெஸ்க்டாப் விண்டோ மேனேஜர் என்ற நிரல் எல்லாத் தாளையும் அடுக்கி ஒரே படமாக்கித் திரைக்கு அனுப்பும். இந்த அடுக்கும் வேலையில் ஒரு பகுதியைக் கிராஃபிக்ஸ் கார்டின் வன்பொருளே நேரடியாகச் செய்தால் மின்சாரம் மிச்சம். வீடியோ ஓடும் விண்டோவைத் தனித் தளமாக எடுத்து, திரைக்குப் போகும் வழியில் கார்டே ஒட்டிவிடும். இதற்கு மல்டி-பிளேன் ஓவர்லே என்று பெயர். நீங்கள் ஆல்ட்-டேப் அழுத்தும்போது எந்த விண்டோவுக்கு எந்தத் தளம் என்ற ஒதுக்கீடு மாறும். டிரைவரில் அந்தக் கைமாற்றம் பிசகினால் ஒரு கணம் கறுப்பு. இரண்டு மானிட்டரும் வெவ்வேறு வேகத்தில் புதுப்பிக்கும்போது பிசக வாய்ப்பு அதிகம். கடையில் ஒற்றை மானிட்டராக மாட்டிப் பார்த்திருப்பார்கள், அதனால்தான் அங்கே ஒழுங்காக ஓடியது.

கீழே உள்ளதை ஒன்றொன்றாகச் செய்யுங்கள். ஒவ்வொன்றுக்கும் பிறகு பத்து நிமிடம் வேலை பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றினால் எது குணப்படுத்தியது என்றே தெரியாது.

‘சிஸ்டம்’, ‘டிஸ்ப்ளே’, ‘அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே’ போய் 144 ஹெர்ட்ஸ் மானிட்டரையும் தற்காலிகமாக 60-க்கு இறக்குங்கள். வெட்டு நின்றால் மேலே சொன்ன ஊகம் சரி. பிறகு 120 வைத்துப் பாருங்கள். 60-ன் இரட்டிப்பு என்பதால் 144-ஐவிடப் பல கணினிகளில் சமாதானமாகப் போகும்.

டிரைவரைப் புதுப்பியுங்கள். டெஸ்க்டாப் என்றால் கார்டு தயாரிப்பாளரின் தளத்திலிருந்து. மடிக்கணினி என்றால் முதலில் அந்த மடிக்கணினி நிறுவனத்தின் தளம். நிறுவும்போது ‘க்ளீன் இன்ஸ்டாலேஷன்’ என்ற தேர்வு இருந்தால் அதை டிக் செய்யுங்கள். சென்ற வாரம் டிரைவர் புதுப்பித்த பிறகுதான் வெட்டு தொடங்கியது என்றால் தலைகீழாகச் செய்யுங்கள்: டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டரைத் திறந்து ‘ரோல் பேக் டிரைவர்’.

பிரவுசரில் மட்டும் வெட்டினால் அதன் செட்டிங்ஸில் ‘சிஸ்டம்’ பகுதியில் உள்ள கிராஃபிக்ஸ் ஆக்ஸலரேஷனை நிறுத்திப் பாருங்கள். இதை மருந்தாக வைத்துக்கொள்ள வேண்டாம், சோதனைக்கு மட்டும். நிறுத்தியே வைத்தால் வீடியோ முழுவதையும் பிராசஸர் சுமக்கும், மின்விசிறி அலறும்.

இதற்கும் அடங்காவிட்டால் ஓவர்லேயையே நிறுத்தலாம். கிராஃபிக்ஸ் கார்டு நிறுவனமான என்விடியா தன் உதவித் தளத்தில், விண்டோவின் அளவை மாற்றும்போது திரை வெட்டுவது பற்றிய குறிப்போடு, நிறுத்த ஒன்று, பழையபடி மீட்க ஒன்று என்று விண்டோஸின் உள் அமைப்பை மாற்றும் இரண்டு ரெஜிஸ்ட்ரி கோப்புகளைத் தந்திருக்கிறது. யாரோ யூடியூபில் கொடுத்த கோப்பை ஓட்டாதீர்கள். நிறுவனம் தந்ததை ஓட்டிவிட்டுக் கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். பயனில்லை என்றால் மீட்கும் கோப்பை மறக்காமல் ஓட்டுங்கள்.

திரை கறுப்பாகி அப்படியே நின்றுபோனால் பவர் பொத்தானில் கை வைக்க வேண்டாம். விண்டோஸ் விசை, கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். ஒரு பீப் ஒலி, ஒரு சிமிட்டல். கிராஃபிக்ஸ் டிரைவர் மட்டும் புதிதாகத் தொடங்கும். திறந்திருக்கும் வேலை பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

கேள்வி: எனக்கு வெட்டு இல்லை. மடிக்கணினியில் கறுப்புப் பின்னணி உள்ள விண்டோவிலிருந்து வெள்ளைத் தாளுக்கு மாறினால் வெளிச்சம் மெதுவாக ஏறுகிறது அல்லது இறங்குகிறது. சார்ஜர் மாட்டினால் இல்லை.
— வாசகி, திருநெல்வேலி

கோளாறே இல்லை, சிக்கனம். திரையில் உள்ள படத்தின் தன்மையைப் பார்த்துப் பின்விளக்கைக் குறைத்துக் கூட்டும் வசதி அது. ‘டிஸ்ப்ளே’ பக்கத்தில் ‘பிரைட்னஸ்’ அருகே உள்ள அம்புக்குறியை விரித்தால், உள்ளடக்கத்துக்கு ஏற்ப வெளிச்சம் மாற்றுவது பற்றிய வரி வரும். ‘ஆன் பேட்டரி ஒன்லி’ என்று இருக்கும்; ‘ஆஃப்’ ஆக்குங்கள். அந்த வரியே இல்லாத கணினிகளில் இன்டெல் அல்லது ஏஎம்டி தரும் கிராஃபிக்ஸ் மென்பொருளில், பவர் பகுதியில் இதே வேலையைச் செய்யும் தேர்வைத் தேடுங்கள். படம் திருத்தும் வேலை செய்பவர்கள் இதை நிறுத்தியே வைக்க வேண்டும். நிறத்தை நம்பவே முடியாது.

கேள்வி: ரிமோட் டெஸ்க்டாப்பில் அலுவலகக் கணினியில் வேலை செய்துவிட்டு ஆல்ட்-டேப்பில் என் கணினிக்கு வந்தால் கீபோர்டுக்குப் பேய் பிடித்த மாதிரி இருக்கிறது. எழுத்து விழாமல் மெனு திறக்கிறது. ஒருமுறை எல் அடித்ததும் கணினியே பூட்டிக்கொண்டது.
— வாசகர், சென்னை

பேய்க்குப் பெயர் ‘தூக்காத விசை’. ஒரு விசையை அழுத்துவது ஒரு செய்தி, விடுவது இன்னொரு செய்தி. ஆல்ட்டை அழுத்தியபோது கீபோர்டு ஒரு கணினியிடம் இருந்தது. விடும் முன் அது கைமாறிவிட்டது. ‘விட்டாயிற்று’ என்ற செய்தி வேறு வீட்டுக்குப் போனது. முதல் கணினி இன்னும் ஆல்ட் அழுத்தப்பட்டிருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். விண்டோஸ் விசை அப்படி மாட்டிக்கொண்டால் எல் அடிக்கும்போது பூட்டு, இ அடிக்கும்போது ஃபைல் எக்ஸ்ப்ளோரர். கன்ட்ரோல் மாட்டினால் கோப்புகளைத் தட்டத் தட்ட ஒவ்வொன்றும் சேர்ந்துகொண்டே போகும்.

இடமும் வலமும் உள்ள கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட், விண்டோஸ் விசைகளை ஒவ்வொன்றாக ஒருமுறை தட்டி விடுங்கள். எது மாட்டியிருந்தாலும் விடுபடும். எது என்று பார்க்க வேண்டுமானால் விண்டோஸ் விசை, கன்ட்ரோல், ஓ அழுத்துங்கள். திரைக் கீபோர்டு வரும்; மாட்டியிருக்கும் விசை அதில் அழுத்திய நிறத்தில் தெரியும். அங்கேயே சுட்டியால் தட்டியும் விடலாம்.

மறுபடி வராமலிருக்க, ரிமோட் டெஸ்க்டாப் இணைப்புப் பெட்டியில் ‘ஷோ ஆப்ஷன்ஸ்’, ‘லோக்கல் ரிசோர்சஸ்’, அதில் ‘கீபோர்டு’. விண்டோஸ் விசைச் சேர்க்கைகள் இந்தக் கணினிக்கா, தொலைவில் உள்ளதற்கா, முழுத்திரையில் மட்டுமா என்று மூன்று தேர்வுகள் உண்டு. ‘இந்தக் கணினி’ என்று வைத்துவிட்டால் ஆல்ட்-டேப் எப்போதும் உங்கள் பக்கத்து விண்டோக்களிலேயே தாவும். தொலைக் கணினிக்குள் தாவ ஆல்ட்டும் பேஜ் அப்பும். கன்ட்ரோல், ஆல்ட், டெலிட்டுக்குப் பதில் அங்கே கன்ட்ரோல், ஆல்ட், எண்ட். இரண்டு நாளில் கை பழகிவிடும்.

ரிமோட் எதுவும் இல்லாமலே மெனு திறக்கிறது என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டேப்பைத் தொடும் முன்பே ஆல்ட்டை விட்டுவிட்டால் விண்டோஸ் அதை ‘மெனுவுக்குப் போ’ என்று எடுத்துக்கொள்ளும். எக்ஸெல், வேர்டில் ரிப்பன் மேல் குட்டிக் குட்டி எழுத்துகள் தோன்றுவது அதற்கு அடையாளம். எஸ்கேப்பை ஒன்றிரண்டு முறை தட்டுங்கள்.

கேள்வி: பில்லிங் மென்பொருளில் ‘சேவ்’ கொடுத்துவிட்டு வேறு விண்டோவுக்குப் போய்த் திரும்பினால் எந்த இடத்தில் க்ளிக் செய்தாலும் ‘டிங்’ என்ற ஒலிதான். டாஸ்க்பாரில் ஏதோ ஆரஞ்சாக மின்னுகிறது. எண்ட் டாஸ்க் கொடுத்தால் பில் போய்விடுகிறது.
— வாசகர், விருதுநகர்

எண்ட் டாஸ்க் கொடுக்காதீர்கள். அந்த மென்பொருள் உங்களிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறது. ‘பழைய பில்லின் மேல் எழுதவா?’ போன்ற ஏதோ ஒரு சிறு பெட்டி. அது பெரிய விண்டோவின் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கிறது. பதில் வரும் வரை வேறு எதையும் தொட விடாது என்பதைத்தான் ‘டிங்’ சொல்கிறது.

ஏன் பின்னால் போனது? நீங்கள் ஒரு விண்டோவில் வேலை செய்துகொண்டிருக்கும்போது இன்னொரு நிரல் குறுக்கே பாய்ந்து கீபோர்டைப் பிடுங்கக் கூடாது என்று விண்டோஸ் 98 காலத்திலேயே ஒரு விதி வந்தது. நீங்கள் கடைசியாக விசையையோ சுட்டியையோ தொட்டதிலிருந்து இயல்பாக 200 விநாடிகளுக்கு, பின்னணியில் உள்ள நிரல் முன்னே வர முயன்றால் டாஸ்க்பார் பொத்தானை மின்னச் செய்வதோடு நிறுத்திவிடும். சில முறை மின்னிவிட்டு ஆரஞ்சாகவே நிற்கும். நல்ல விதிதான். உங்கள் கடவுச்சொல்லின் பாதி எழுத்துகள் திடீரென்று முளைத்த அரட்டைப் பெட்டிக்குள் விழாமல் காப்பது அதுவே. ஆனால் தன் கேள்விப் பெட்டியைத் தாய் விண்டோவோடு ஒழுங்காகக் கட்டி வைக்காத மென்பொருள்களில் பெட்டி மட்டும் பின்தங்கிவிடும்.

ஆல்ட்-டேப் பட்டியலில் அந்த மென்பொருளின் பெயரில் இரண்டாவதாக ஒரு சிறு விண்டோ இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதற்குப் போங்கள். இல்லையென்றால் மற்ற எல்லாவற்றையும் மினிமைஸ் செய்துவிட்டு, ஆரஞ்சுப் பொத்தானைத் தட்டுங்கள். பெட்டி அப்போதும் தென்படாவிட்டால் எஸ்கேப். பெரும்பாலான பெட்டிகளில் எஸ்கேப் என்றால் ‘ரத்து’ என்று பொருள், சேதம் வராது. கண்ணுக்குத் தெரியாத பெட்டியில் என்டர் மட்டும் தட்டாதீர்கள். எதற்குச் ‘சரி’ சொன்னோம் என்று தெரியாது.

கேள்வி: பள்ளியில் புரொஜெக்டரைக் கழற்றிய பிறகு ஒரு மென்பொருள் டாஸ்க்பாரில் இருக்கிறது, திரையில் இல்லை. ஆல்ட்-டேப்பில் சின்னப் படமாகத் தெரிகிறது, தேர்ந்தெடுத்தால் ஒன்றும் வருவதில்லை.
— ஆசிரியை, தஞ்சாவூர்

இல்லாத புரொஜெக்டரின் திரையில் போய்த் திறந்து நிற்கிறது. கடைசியாக நின்ற இடத்தைப் பல மென்பொருள்கள் எண்களாகக் குறித்து வைக்கும். அந்த இடம் இன்னும் இருக்கிறதா என்று சரிபார்க்காத மென்பொருள் இப்படி அந்தரத்தில் திறக்கும்.

ஆல்ட்-டேப்பில் அதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, விண்டோஸ் விசை, ஷிஃப்ட், இடப்பக்க அம்பு. வரவில்லையா, ஆல்ட்டும் ஸ்பேஸும் அழுத்துங்கள், பிறகு எம், பிறகு ஏதாவது ஓர் அம்பு விசையை ஒரே ஒரு முறை. இப்போது சுட்டியை அசைத்தால் விண்டோ அதன் நுனியில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். க்ளிக் செய்து இறக்கி வையுங்கள். விண்டோ முழு அளவில் இருந்தால் எம் வேலை செய்யாது. முதலில் ஆல்ட், ஸ்பேஸ், ஆர் கொடுத்துச் சிறிதாக்கிவிட்டுத் தொடங்க வேண்டும். அம்பைத் தட்டாமல் நேராகச் சுட்டியை அசைப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு.

கேள்வி: மினிமைஸ் செய்த எக்ஸெலுக்குத் திரும்பினால் வெள்ளையாக மங்கி ‘நாட் ரெஸ்பாண்டிங்’ என்கிறது. அரை நிமிடத்தில் தானாகச் சரியாகிறது. 4 ஜிபி ராம், ஹார்ட் டிஸ்க்.
— வாசகர், நாமக்கல்

ஒரு மென்பொருள் 5 விநாடிகளுக்கு விண்டோஸின் செய்திகளை எடுத்துப் பார்க்காவிட்டால், விண்டோஸ் அதன் கடைசிப் படத்தை வைத்து ஒரு பொம்மை விண்டோவை அதே இடத்தில் நிறுத்துகிறது. மங்கலாகத் தெரிவது அந்தப் பொம்மை. அதை நகர்த்தலாம், அளவை மாற்றலாம், மூடலாம், உள்ளே வேலை எதுவும் செய்ய முடியாது. மூட வேண்டாம், உண்மையான எக்ஸெல் பின்னால் உயிரோடுதான் இருக்கிறது.

4 ஜிபியில் பிரவுசரும் எக்ஸெலும் சேர்ந்தால் இடம் போதாது. நீங்கள் பிரவுசரில் இருந்தபோது எக்ஸெலின் நினைவகப் பக்கங்களை விண்டோஸ் டிஸ்க்குக்கு ஒதுக்கிவிட்டது. திரும்பும்போது அவற்றை ஹார்ட் டிஸ்க்கிலிருந்து பொறுக்கி எடுத்து வரும் நேரம்தான் அந்த அரை நிமிடம். டாஸ்க் மேனேஜரில் அந்தச் சமயம் டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றால் சந்தேகமே வேண்டாம். செலவழிக்கத் தயார் என்றால் இரண்டு வேலை: ஹார்ட் டிஸ்க்கை எஸ்எஸ்டி ஆக்குவது, ராமை 8 ஜிபி ஆக்குவது. ஒன்றுக்குத்தான் காசு என்றால் எஸ்எஸ்டி முதலில்.

டிஸ்க் சும்மா இருந்தும் உறைகிறது என்றால் பிரிண்டரைப் பாருங்கள். எக்ஸெலும் வேர்டும் பக்க அளவைக் கணக்கிட இயல்பு பிரிண்டரிடம் விசாரிக்கும். அது அணைத்து வைத்த நெட்வொர்க் பிரிண்டராக இருந்தால் பதிலுக்காகத் தவம் கிடக்கும். ‘மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப்’-ஐ ஒரு நாள் இயல்பு பிரிண்டராக வைத்துப் பாருங்கள்.

கேள்வி: ஆல்ட்-டேப் அழுத்தினால் எட்ஜ் பிரவுசரின் ஒவ்வொரு டேபும் தனித்தனியாக வந்து நிற்கிறது.
— வாசகி, யாழ்ப்பாணம்

‘சிஸ்டம்’, ‘மல்டிடாஸ்கிங்’. டேபுகளைக் காட்டுவது பற்றிய வரியில் 20, 5, 3 என்ற தேர்வுகளுக்குக் கீழே ‘டோன்ட் ஷோ டேப்ஸ்’. அதே பக்கத்தில் ‘டெஸ்க்டாப்ஸ்’ என்ற பகுதியையும் விரித்துப் பாருங்கள். வேறு மெய்நிகர் மேசையில் (விண்டோக்களைப் பிரித்து வைக்க விண்டோஸ் தரும் கூடுதல் டெஸ்க்டாப்) உள்ள விண்டோக்களும் ஆல்ட்-டேப்பில் வர வேண்டுமா என்று அங்கேதான் சொல்ல வேண்டும். ‘விண்டோ தொலைந்துவிட்டது’ என்று எழுதிய வேறு மூவருக்கும் இதுவே பதில். விண்டோஸ் விசையும் கன்ட்ரோலும் அழுத்தியபடி அம்பு விசையில் கை பட்டு, அடுத்த மேசைக்குப் போயிருப்பீர்கள்.

கேள்வி: மேக்குக்கு மாறினேன். கமாண்ட்-டேப்பில் ஒரு மென்பொருளைத் தேர்ந்தெடுத்தால் மேலே பெயர் மட்டும் மாறுகிறது, விண்டோ வரவில்லை.
— வாசகர், சிங்கப்பூர்

மேக்கில் கமாண்ட்-டேப் மென்பொருளை மாற்றும், விண்டோவை அல்ல. மினிமைஸ் செய்த விண்டோவை அது எழுப்பாது. கமாண்டைப் பிடித்தபடியே டேப்பால் மென்பொருளைத் தேர்ந்தெடுத்து, ஆப்ஷன் விசையையும் சேர்த்து அழுத்திக்கொண்டு கமாண்டை விடுங்கள், எழும். ஒரே மென்பொருளின் விண்டோக்களுக்குள் தாவ கமாண்டும் டேப்புக்கு மேலே உள்ள விசையும். மினிமைஸ் செய்வதற்குப் பதில் கமாண்ட், ஹெச் அழுத்தி மறைத்துப் பழகினால் இந்தத் தொல்லையே வராது. மறைத்த மென்பொருள் கமாண்ட்-டேப்புக்கு உடனே எழுந்து வரும்.

தமிழில் அடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அஞ்சல், தமிழ் 99 இரண்டும் மேக்கிலேயே இருக்கின்றன. கீபோர்டு செட்டிங்ஸில் ‘இன்புட் சோர்ஸஸ்’ திருத்தும் பக்கத்தில், ஆவணத்துக்கு ஏற்ப உள்ளீட்டைத் தானாக மாற்றும் தேர்வு ஒன்று உண்டு. சிவகாசி வாசகிக்குச் சொன்னது அப்படியே பொருந்தும்: எல்லா இடத்திலும் ஒரே மொழி வேண்டுமானால் அதை அணைத்து வையுங்கள்.

கேள்வி: லினக்ஸில் க்னோம் டெஸ்க்டாப் வைத்திருக்கிறேன். ஆல்ட்-டேப் ஒரே மென்பொருளின் இரண்டு விண்டோக்களை ஒன்றாகக் கட்டிவிடுகிறது.
— மாணவர், மதுரை

‘செட்டிங்ஸ்’, ‘கீபோர்டு’, ‘வியூ அண்ட் கஸ்டமைஸ் ஷார்ட்கட்ஸ்’, ‘நேவிகேஷன்’. அங்கே ‘ஸ்விட்ச் விண்டோஸ்’ என்ற வரியைத் தட்டி ஆல்ட்-டேப் அழுத்துங்கள். அந்தச் சேர்க்கை ஏற்கெனவே ‘ஸ்விட்ச் அப்ளிகேஷன்ஸ்’ வசம் இருக்கிறது, மாற்றவா என்று கேட்கும். ‘ரீப்ளேஸ்’ கொடுங்கள்.